எண்ணூர், மணலி, அத்திப்பட்டு: தொழிற்சாலைகளை ஒட்டி ஓடும் சரக்கு ரயில்களைப் படம் எடுப்போருக்கான பாதுகாப்பு, சட்ட வழிகாட்டி

வடசென்னையின் கொருக்குப்பேட்டையைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டி நோக்கி வடக்கே செல்லும் ரயில் பாதை, சரக்கு ரயில்களை விரும்பிப் படம் எடுப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. நிலக்கரி ஏற்றிய திறந்த வேகன்கள், எண்ணெய் டேங்கர்கள், கன்டெய்னர் ரேக்குகள் (ஒன்றாக இணைத்த வேகன்களின் தொடர்), இடையிடையே புறநகர் மின்சார ரயில்கள் என்று பாதை ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்கும். அதே பாதையை ஒட்டித்தான் அனல்மின் நிலையங்கள், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, எரிபொருள் கிடங்குகள், காமராஜர் துறைமுகம் ஆகிய அனைத்தும் அமைந்துள்ளன. ஆகவே இங்கே கேமராவை எடுப்பவர் ஓடும் ரயிலின் ஆபத்து, ஆலைகளின் ஆபத்து, காவலர்களின் சந்தேகம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்கிறார்.

இந்த மூன்றுக்கும் பொதுவான விடை ஒன்று உண்டு. கேமராவும் லென்ஸும் என்ன என்பதைவிட, எந்த மண்ணில் கால் வைத்து நிற்கிறீர்கள் என்பதே உங்கள் உயிரையும் உரிமையையும் தீர்மானிக்கிறது. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை; இதே வரிசையில் செய்தால் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குவதற்கு முன்பே விலகிவிடும்.

படி 1: நிற்கப்போகும் இடம் யாருடையது என்று வீட்டிலிருந்தே கண்டறிதல்

செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பொதுச் சாலை எங்கே முடிகிறது, ரயில்வே எல்லை எங்கே தொடங்குகிறது, ஆலையின் மதில் எங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரயில்வே நிலம் என்பது தண்டவாளம் மட்டுமன்று. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், வேலிக்குள் அல்லது எல்லைக் கற்களுக்குள் அடங்கிய ரயில்வேக்கு உரிய நிலம் முழுவதையும், ரயில்வே பயன்பாட்டுக்கான சைடிங் (முதன்மைப் பாதையிலிருந்து பிரியும் கிளைத் தடம்), யார்டு (வேகன்களைப் பிரித்துச் சேர்த்து நிறுத்தும் தட வளாகம்) ஆகியவற்றையும் சேர்த்தே ‘ரயில்வே’ என்று வரையறுக்கிறது. ஆகவே வேலி உடைந்து கிடக்கிறது, ஊர்மக்கள் ஒற்றையடிப் பாதை போட்டு நடக்கிறார்கள், ஆடு மேய்கிறது என்பதெல்லாம் உள்ளே போவதற்கான அனுமதி ஆகாது.

அச்சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி, உரிய அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைபவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பலரும் கவனிக்கத் தவறும் பகுதி ஒன்று இதே பிரிவில் உள்ளது. முறையாக உள்ளே வந்தவரும், வெளியேறச் சொன்ன பிறகு வெளியேற மறுத்தால் அதே குற்றத்தையே செய்தவராகிறார். நடைமேடைச் சீட்டு 10 ரூபாய்க்கு இரண்டு மணி நேரம் நடைமேடையில் இருக்கும் உரிமையைத் தருகிறதே தவிர, முக்காலி விரித்துப் படப்பிடிப்பு நடத்தும் உரிமையைத் தருவதில்லை. ஆகவே நிலைய அதிகாரியோ ரயில்வே பாதுகாப்புப் படையினரோ போகச் சொன்னால், முதலில் வெளியேறிவிட்டு, வாதத்தைப் பிறகு எழுத்தில் வைத்துக்கொள்வதே சரி.

பொதுச் சாலை, சாலை மேம்பாலத்தின் நடைபாதை, திறந்திருக்கும் பொது இடம் ஆகியவற்றில் நின்று கண்ணுக்குத் தெரியும் ரயிலைப் படம் எடுப்பதைப் பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்து வெளிப்பாட்டு உரிமையின் நிழலில் இது அடங்கும். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக 19(2) பிரிவின்கீழ் நியாயமான கட்டுப்பாடுகளைச் சட்டத்தின் மூலம் விதிக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. அத்தகைய கட்டுப்பாடுகளில் முதன்மையானது 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டம். பாதுகாப்புத் துறை சார்ந்த இடங்களை இச்சட்டம் நேரடியாகவே ‘தடைசெய்யப்பட்ட இடம்’ என்கிறது. ரயில் பாதை, மின் நிலையம், எரிவாயுப் பணிகள் போன்றவற்றை மத்திய அரசு அரசிதழில் அறிவித்தால் அவையும் அந்த வரையறைக்குள் வரும். ஆகவே ரயில் பாதை என்பதாலேயே ஓர் இடம் இச்சட்டத்தின்கீழ் வந்துவிடுவதில்லை. காவல் நிலையம் இந்த வரையறைக்குள் வராது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022இல் தீர்ப்பளித்ததும், வரையறையை இஷ்டத்துக்கு நீட்டக் கூடாது என்ற அடிப்படையில்தான். ஆயினும் ‘படம் எடுக்கத் தடை’, ‘தடைசெய்யப்பட்ட பகுதி’ என்ற பலகை தென்படும் இடத்தில் அறிவிப்பு உண்டா இல்லையா என்று அங்கேயே நின்று சோதித்துப் பார்ப்பது விவேகமன்று. பலகையைக் கண்டால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வெளிச்சத்தையும் இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். இந்தப் பாதை பெரும்பாலும் தெற்கு வடக்காக ஓடுவதால், காலையில் கிழக்குப் பக்கம் நின்றால்தான் எஞ்சினின் பக்கவாட்டில் வெயில் விழும். மாலையில் மேற்குப் பக்கம் வேண்டும். ஒளி நன்றாக விழும் பக்கம் ஆலையின் நிலமாகவோ சைடிங்காகவோ இருந்துவிட்டால், அங்கே போனபின் ஆசை அத்துமீறத் தூண்டும். அதனால் காலைக்கு ஓர் இடம், மாலைக்கு ஓர் இடம் என இரண்டையும் பொது நிலத்திலேயே முன்கூட்டித் தேர்ந்துவைப்பது நல்லது. பாதையைக் கடக்கும் சாலை மேம்பாலங்களில் நல்ல நடைபாதை உள்ளவை என் முதல் தேர்வு. அங்கிருந்து முழு ரேக்கும் வளைந்து வருவது தெரியும், ரயில்வே எல்லையையும் மிதிக்க வேண்டியதில்லை.

படி 2: அனுமதி வேண்டிய இடத்தில் எழுத்தில் கேட்டல்

நிலையத்துக்குள் நெடுநேரம் நின்று எடுக்க வேண்டும், முக்காலி வேண்டும், யார்டைப் பார்க்க வேண்டும் என்றால் தெற்கு ரயில்வேயின் தலைமை மக்கள் தொடர்பு அலுவலருக்கோ சென்னைக் கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கோ முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பெயர், அடையாள அட்டை, நாள், நேரம், நிலையம், கொண்டுவரும் கருவிகள், வணிக நோக்கம் உண்டா இல்லையா என்பனவற்றை ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதினால் போதும். ரயில்வே தரும் அனுமதி ஆலையின் சைடிங்குக்குச் செல்லாது. ஆலையின் அனுமதி ரயில்வே நிலத்துக்குச் செல்லாது. துறைமுகத்துக்கோ தனி நுழைவுச் சீட்டு வேண்டும், அதற்குள் படம் எடுக்க மேலும் ஓர் அனுமதி வேண்டும்.

ஓர் இடத்தில் படம் எடுக்கத் தடை உண்டா என்று வாய்மொழியாக ஆளுக்கொரு பதில் வருமானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுப் போட்டு, தடை ஆணையின் நகலைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்கவும் அவர்களுக்கு வழி உண்டு என்றாலும், எழுத்தில் வரும் எந்தப் பதிலும் அடுத்த முறை கையில் வைத்திருக்கப் பயன்படும்.

படி 3: ஓடும் ரயிலிடமிருந்து உயிரைக் காத்தல்

அகலப் பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். அதில் ஓடும் வண்டியின் அதிகபட்ச அகலம் 3,250 மில்லிமீட்டர். அதாவது வண்டி, தண்டவாளத்துக்கு வெளியே இருபுறமும் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீட்டிக்கொண்டு வருகிறது. நிலக்கரி வேகனின் கதவு சரியாகத் தாழிடப்படாமல் ஆடலாம், கட்டுக்கம்பி தொங்கலாம், மேலிருந்து கரித்துண்டு தெறிக்கலாம். ஆகவே பொது நிலத்தில் நின்றாலும் கடைசித் தண்டவாளத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்பதை நான் கட்டாயமாக்கியிருக்கிறேன். இந்த இடைவெளி கிடைக்காத இடம் படத்துக்கு எவ்வளவு ஏற்றதாக இருந்தாலும் அதை விட்டுவிடுவதே முறை.

தொலைவிலிருப்பதை அருகே காட்டும் லென்ஸ்தான் இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய மறைமுக ஆபத்து. நீண்ட லென்ஸ் வழியே நேரெதிரே வரும் எஞ்சினைப் பார்க்கும்போது அது நின்ற இடத்திலேயே மெல்லப் பெருப்பதாகத்தான் தோன்றும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் அது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் நெருங்கிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண் உணராது. இரண்டு மூன்று படங்களுக்கு ஒரு முறை கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்து நேராகப் பாருங்கள், பின்னாலும் பாருங்கள். 58 வேகன்கள் கொண்ட நிலக்கரி ரேக் ஏறத்தாழ 650 மீட்டர் நீளமும் 5,000 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. எஞ்சின் ஓட்டுநரான லோகோ பைலட் உங்களைக் கண்டபின் எவ்வளவு முயன்றாலும் அது உங்களிடம் வந்து சேர்வதற்குள் நிற்காது. மின்சார எஞ்சின் ஓசை குறைவு. ஆலைகளின் இரைச்சலுக்கிடையே அந்த ஓசையை நம்பியிருக்கவும் முடியாது. இந்தப் பகுதியில் இரண்டுக்கு மேற்பட்ட பாதைகள் பக்கம்பக்கமாகச் செல்வதால், ஒரு ரயில் கடந்து போனதும் அதன் மறைவிலிருந்து இன்னொன்று வரும். லெவல் கிராசிங்கில் கேட் திறக்கும் வரை நிறுத்தக்கோட்டுக்குப் பின்னாலேயே இருங்கள். மூடியிருக்கும் கேட்டைத் திறப்பதும் உடைப்பதும் ரயில்வே சட்டத்தின் 160ஆம் பிரிவின்படி முறையே 3 ஆண்டு, 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள்.

தலைக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அதைத் தொட வேண்டிய அவசியமில்லை; நெருங்கினாலே பாய்ந்துவிடும். மின்னோட்டமுள்ள எந்தப் பகுதியிலிருந்தும் உடலும் கையிலுள்ள பொருளும் 2 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருக்க வேண்டும். நடைமேம்பாலங்களில் கம்பிக்கு நேர்மேலே வலைத்தடுப்பு அமைத்திருப்பது இதற்காகத்தான். அந்த வலையின் ஓட்டை வழியாக லென்ஸையோ செல்ஃபி குச்சியையோ நீட்டுபவர் தன் சாவை நீட்டுகிறார். நின்றிருக்கும் டேங்கர் வேகன்மேல் ஏறிப் படம் எடுக்க முயன்று இளைஞர்கள் கருகிப்போன செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தபடி இருக்கின்றன. ரேக் நின்றிருக்கலாம்; மேலே உள்ள மின்சாரம் நிற்பதில்லை. உலோக முக்காலியை உயர்த்திப் பிடித்து நடப்பதும், நடைமேடையில் நீண்ட ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடைத் தலைக்கு மேல் தூக்குவதும் இதே வகை ஆபத்துத்தான்.

அனுமதி பெற்று, ஊழியர் துணையோடு சைடிங்குக்குள் போனால் வேறு சில விதிகள் சேர்கின்றன. அங்கே ஷண்டிங்கின்போது (வேகன்களைத் தடம் மாற்றிப் பிரித்துச் சேர்க்கும்போது) எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்; முன்னால் வருவது ஓசையற்ற வேகன்தான். நின்றிருக்கும் ரேக்கின் அடியில் குனிந்து கடப்பதும், இரு வேகன்களுக்கு நடுவே இணைப்புக் கொக்கியான கப்ளரைத் தாண்டுவதும் கூடவே கூடாது. பிரேக் தளரும் சீறல் கேட்ட சில நொடிகளில் இழுப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவி, கண்முன்னே அசையாமல் நின்ற வேகன் சட்டென்று நகரும். தடம் மாற்றும் பாயிண்ட்ஸ்மீது கால் வைக்காதீர்கள்: தொலைவிலுள்ள அறையிலிருந்து இயக்கப்படும் மோட்டார், உங்கள் கால் அங்கே இருப்பதை அறியாமலேயே நாக்குத் தண்டவாளத்தைக் கொண்டுவந்து அழுத்தும். சிவப்பு, பச்சை நிற உடையையோ துணியையோ பாதையருகே வீசாதீர்கள். ஓட்டுநர் அதைக் கைச் சைகை என்று கொள்ளக்கூடும். இரவிலும் அதிகாலையிலும் எஞ்சினை நோக்கிப் ஃபிளாஷ் அடிப்பது அவர் பார்வையைச் சில நொடிகள் பறிக்கும். அதனால் ஓட்டத்தின் பாதுகாப்புக்குக் கேடு வந்தால் ரயில்வே சட்டத்தின் 153, 154ஆம் பிரிவுகள் வரை விஷயம் போகும்.

படி 4: காற்று வீசும் திசையைக் கவனித்தல்

2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஊர்மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். 2025 ஜூலை 13ஆம் தேதி திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம்புரண்டு டேங்கர்கள் பற்றி எரிந்தன. இவ்விரண்டும் இந்தப் பகுதியில் படம் எடுப்போர் மறக்கக் கூடாத நிகழ்வுகள்.

போனவுடன் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆலைப் புகைபோக்கியின் புகையே அதைக் காட்டிவிடும். மூக்கைத் துளைக்கும் நெடியோ, கண்ணெரிச்சலோ, தரையோடு படரும் வெண்மூட்டமோ தெரிந்தால், எதையும் படம் எடுக்க நிற்காமல் காற்றுக்குக் குறுக்காக நடந்து, பிறகு காற்று வரும் திசையை நோக்கி விலகுங்கள். ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொள்வது அம்மோனியாவுக்கு ஓரளவு உதவும். கிடங்குகளுக்கு வரும் டேங்கர் லாரிகளின் பின்புறம் எழுதியிருக்கும் நான்கிலக்க எண்களில் சிலவற்றைத் தெரிந்துவைப்பது நல்லது: 1202 டீசல், 1203 பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின். எரிபொருள் ஏற்றி இறக்கும் இடத்துக்கு அருகில் புகைபிடிப்பதும், ஃபிளாஷ், மின்கலம் மாற்றுவது போன்றவையும் வேண்டவே வேண்டாம்.

படி 5: காவலர் தடுத்தால் நடந்துகொள்ளும் முறை

இந்தப் பகுதியில் தடுப்பவர் யார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஏனெனில் அவர்களின் அதிகாரம் ஒன்றுபோல் இல்லை.

ஆலை வாயிலில் நிற்கும் தனியார் பாதுகாவலர் சட்டத்தின் கண்ணில் ஒரு தனிநபரே. தம் ஆலைக்குள் நுழையவிடாமல் தடுக்கவும், வெளியேறச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. பொதுச் சாலையில் நிற்பவரின் பையைச் சோதிக்கவோ, கேமராவைப் பறிக்கவோ, படத்தை அழிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவோ உரிமை இல்லை. தன் கண்ணெதிரே ஜாமீனில் விடமுடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்தாலோ, பிடிபடுபவர் தேடப்படும் குற்றவாளி என்று நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டவராக இருந்தாலோ மட்டுமே தனிநபர் ஒருவரைப் பிடித்துவைக்கலாம்; அப்போதும் 6 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு சொல்கிறது. சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம் போன்றவற்றைக் காக்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினருக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிடியாணையின்றிக் கைது செய்யும் அதிகாரமும் சோதனையிடும் அதிகாரமும் உண்டு. பிடித்தவரை அவர்கள் தாமதமின்றிக் காவல்துறையிடம் சேர்ப்பிக்க வேண்டும். ரயில்வே பாதுகாப்புப் படை ரயில்வே சட்டக் குற்றங்களைக் கையாள்கிறது. ரயில்வே காவல்துறை என்பது தமிழகக் காவல்துறையின் பிரிவு, மற்றக் குற்றங்கள் அவர்களிடம் போகும்.

தடுத்தவர் யாராயினும் முதலில் கேமராவை இறக்கி, கைகள் தெரியும்படி நின்று, வணக்கம் சொல்லிப் பேசத் தொடங்குங்கள். “சார், நான் ரயில் படம் எடுக்கிறவன். பொதுச் சாலையில்தான் நிற்கிறேன், உள்ளே வரவில்லை. எடுத்ததைக் காட்டுகிறேன், பாருங்கள்” என்று நீங்களே முன்வந்து சொன்னால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடியும். படத்தைக் காட்டுவது கட்டாயமில்லை. ஆனாலும் ஒளிக்க எதுவும் இல்லாதபோது காட்டிவிடுவது என் பரிந்துரை. அழிக்கச் சொன்னால், “அழிக்க வேண்டும் என்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் சொல்லட்டும் சார், நான் ஒத்துழைக்கிறேன்” என்று அமைதியாகச் சொல்லலாம். கைப்பேசியிலுள்ள தகவலை உரியவர் ஒப்புதலின்றி அழிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவுக்குள் வரும். குரலை உயர்த்துவதும், கையைத் தட்டிவிடுவதும், ஓடுவதும் மட்டும் கூடாது. ரயில்வே ஊழியரின் பணியைத் தடுத்ததாக ரயில்வே சட்டத்தின் 146ஆம் பிரிவில் வழக்குப் போட அதுவே வழிசெய்துவிடும்.

பேச்சு நீண்டால், “சார், நான் புறப்படலாமா, இல்லை என்னைக் கைது செய்கிறீர்களா?” என்று பணிவாகக் கேளுங்கள். போகலாம் என்றால் உடனே போய்விடுங்கள். கைது என்றால், காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். இவை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவும் சுரக்ஷா சன்ஹிதாவும் தரும் உரிமைகள். பெண்களைச் சூரியன் மறைந்தபின், உதிக்கும் முன் விதிவிலக்கான சூழல் தவிர கைது செய்யக் கூடாது. இந்த ஆர்வம் கொண்டவர்களில் ஓய்வு பெற்றவர்கள் பலர் உண்டு. 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்கு, 60 வயதைக் கடந்தவரைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியின்றிக் கைது செய்யக் கூடாது என்பதை அவர்கள் நினைவில் வைக்கட்டும்.

சந்தேகத்துக்குரிய பொருளைக் கைப்பற்றக் காவல்துறைக்குச் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. அப்படிக் கேமராவை எடுத்தால் தடுக்காதீர்கள். ஆனால் கேமராவின் வரிசை எண், மெமரி கார்டின் விவரம் ஆகியவை பட்டியலில் எழுதப்படுகின்றனவா என்று பார்த்து, நகல் கேளுங்கள். கைப்பற்றும் நடவடிக்கையை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று அதன் 105ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர் இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். முறையின்றி உங்களை வழிமறித்து நிறுத்தினால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவின்கீழ் புகார் தர இடம் உண்டு. நாள், நேரம், இடம், சட்டையிலிருந்த பெயர் ஆகியவற்றை வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்துவிட்டால் புகார் உறுதியாக நிற்கும்.

ட்ரோனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: இந்தப் பகுதிக்கு அதைக் கொண்டுவராதீர்கள். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. ட்ரோன் பறக்கும் மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் ஓர் இடத்தைப் பச்சை என்று காட்டினாலும், 25,000 வோல்ட் கம்பிமேல் ட்ரோன் விழுந்தால் ரயில் ஓட்டமே நிற்கும்.

படி 6: வெளியிடுதலும், கண்ணில் பட்டதைச் சொல்லுதலும்

காவல் கோபுரம், வாயில் சோதனைச் சாவடி, கண்காணிப்புக் கேமராக்களின் அமைப்பு, காவலர்களின் முகம் ஆகியவை படத்தில் விழுந்திருந்தால் வெட்டிவிட்டு வெளியிடுங்கள். எஞ்சின் எண்ணும் ரேக்கின் வகையும் போதும். எரிபொருள் ரேக் நிற்கும் இடத்தை அப்போதைக்கப்போது அறிவிப்பது வேண்டாம். தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன்களும் தடம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேன்களும் முகம் தெரியும்படி இருந்தால் அவர்களிடம் கேட்ட பிறகே வெளியிடுவது மரியாதை.

நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர் கண்ணுக்கு, ஓடும் ரேக்கில் மற்றவர் காணாத சில கோளாறுகள் தெரிவதுண்டு: சக்கரத்தின் அச்சுப் பெட்டியிலிருந்து புகை, டேங்கரின் அடியில் சொட்டும் திரவம், திறந்து ஆடும் கதவு. அப்படிக் கண்டால் பக்கத்து நிலையத்து அதிகாரியிடமோ, 139 என்ற எண்ணிலோ உடனே சொல்லுங்கள். வேகனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் 11 இலக்க எண்ணையும், அருகிலுள்ள மின்கம்பத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் எண்ணையும், ரயில் போகும் திசையையும் சேர்த்துச் சொன்னால், அடுத்த நிலையத்திலேயே அந்த வண்டியை நிறுத்திப் பார்க்க அவர்களால் முடியும்.